சிப்பிப்பாறை வளர்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிப்பிப்பாறை நாயை வீட்டுக்குக் கொண்டுவந்த சில நாட்களிலேயே யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "இதுக்குச் சோறு போடுறீங்களா இல்லையா?" என்னிடமும் கேட்டார்கள். மனசு கேட்காமல் நானும் வேளைக்கு ஒரு கரண்டி கூட வைக்க ஆரம்பித்தேன். மூன்றே மாதத்தில் நாய் மொழுமொழுவென்று ஆனது, திண்ணையில் ஏறவே யோசித்தது.

இந்த இனத்தில் பலரும் செய்கிற தவறு இதுதான். விருதுநகர் மாவட்டத்துச் சிப்பிப்பாறை ஊரின் பெயரைத் தாங்கிய நாய் இது. கரிசல் காட்டில் முயலைக் கண்ணால் பார்த்து, ஓடியே பிடிப்பதற்காகத் தலைமுறை தலைமுறையாக வளர்த்தார்கள். ஆழமான நெஞ்சு, ஒட்டிய வயிறு, நீண்ட மெல்லிய கால். கடைசி இரண்டு மூன்று விலா எலும்பு லேசாகத் தெரிவதுதான் இதற்கு ஆரோக்கியம். முதுகெலும்பும் இடுப்பெலும்பும் துருத்திக்கொண்டு நின்றால் மட்டும் கவலைப்படுங்கள். குடற்புழு இருக்கிறதா என்று மருத்துவரிடம் காட்டுங்கள். மற்றபடி, அந்த மெல்லிய கால்களில் கூடுதல் எடையை ஏற்றாதீர்கள்.

அடுத்து, கயிறு இல்லாமல் அவிழ்த்துவிடுவது. "கூப்பிட்டா வந்துரும்" என்பார்கள். வீட்டுக்குள் வரும். தெருவில் ஒரு பூனையோ கோழியோ ஓடினால், அந்த நொடியில் நம் குரல் அதன் காதில் ஏறாது. எதிரே வரும் பைக்கும் அதன் கண்ணில் படாது. கழுத்துப்பட்டையிலும் கவனம் வேண்டும். இதன் தலை குறுகலானது, ஏறக்குறைய கழுத்தின் அகலம்தான் இருக்கும். சாதாரணப் பட்டையைப் போட்டால் பின்னோக்கி ஒரு இழு, தலை வெளியே வந்துவிடும். என் நாய் அப்படித்தான் ஒரு மாலை நழுவியது. கையில் வெறும் பட்டையோடு அரை மணி நேரம் ஓடினேன். இழுத்தால் அளவாக இறுகுகிற அகலப் பட்டையோ, உடம்போடு பொருந்தும் ஹார்னஸோ போடுங்கள்.

அதற்காக நாள் முழுக்க வாசலில் சங்கிலியில் கட்டிப்போடுவதும் கொடுமைதான். ஓடப் பிறந்த நாய் அது. சுற்றுச்சுவர் உள்ள இடமாகப் பார்த்து, தினமும் அவிழ்த்து ஓடவிடுங்கள். ஓடி முடித்தால் வீட்டில் அவ்வளவு சாதுவாகப் படுத்துக்கிடக்கும். முயல் வேட்டைக்கு மட்டும் கூட்டிப்போகாதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

அதட்டிப் பழக்குவதும் இதனிடம் எடுபடாது. ஒருவரோடு ஒட்டிக்கொண்டால் அவரே உலகம் என்று இருக்கும். ஒரு அடி விழுந்தாலோ வாலை ஒடுக்கிக்கொண்டு மூலைக்குப் போய்விடும், மறுபடி கிட்டே வர நாளாகும். புது ஆளைப் பார்த்து ஒதுங்கினால் தடவச் சொல்லி வற்புறுத்த வேண்டாம், தானாக வரட்டும்.

"நாட்டு நாய்க்கு நோயே வராது" என்கிற பேச்சை நம்பித் தடுப்பூசியைத் தள்ளிப்போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வெயிலை அது தாங்கும், சரி. பார்வோ என்கிற வைரஸ் நோயும் வெறிநோயும் இனம் பார்த்து வருவதில்லை. உண்ணிக் காய்ச்சலும் அப்படித்தான். குட்டை முடி என்பதால் உண்ணியைக் கண்டுபிடிப்பது சுலபம். காது மடல், விரலிடுக்கு இரண்டையும் தினமும் தடவிப் பாருங்கள். தோல் மெல்லியது, முள்வேலியில் லேசாக உரசினாலே கிழியும். வெறும் சிமெண்ட் தரையில் படுத்தால் முழங்கை காய்த்துப்போகும், பழைய போர்வையையாவது மடித்துப் போடுங்கள்.

கருத்தடை போன்ற அறுவை சிகிச்சைக்குப் போகும்போது, இது வேட்டை நாய் உடல்வாகு என்று மருத்துவரிடம் நீங்களே சொல்லுங்கள். கொழுப்பு குறைந்த இந்த உடலமைப்பில் தயோபென்டால் போன்ற மயக்க மருந்துகள் தெளிய நேரமாகும் என்பது இதே உடல்வாகுள்ள வெளிநாட்டு ஓட்ட நாயான கிரேஹவுண்டில் நன்றாகத் தெரிந்த விஷயம். முன்கூட்டியே தெரிந்தால் அவர் வேறு மருந்தைத் தேர்ந்தெடுப்பார்.

குட்டி வாங்கும்போது அவசரம் வேண்டாம். கண் திறந்து சில நாளிலேயே தாயிடமிருந்து பிரித்து விற்கிறார்கள். நாய் விற்பனைக்கான 2017 விதிகளின்படி 8 வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது. நிறத்தைப் பார்ப்பதற்கு முன்னால் தாயைக் காட்டச் சொல்லுங்கள். அது எப்படி நிற்கிறது, ஆளைக் கண்டு எப்படி நடந்துகொள்கிறது என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்து கவனியுங்கள். காட்டத் தயங்கினால், அந்தக் குட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.