மட்டக்களப்பிலிருந்து தம்பானைக்கு: ஆதிவாசி மக்களின் ஊருக்கு ஒரே நாளில் போய்வருவது எப்படி?

தம்பானைக்குப் பாதை கண்டுபிடிப்பது பெரிய வேலை இல்லை. நம் பக்கத்திலிருந்து போகிறவர்கள் தடுமாறுவது ஊருக்குள் கால் வைத்த பிறகுதான். யாரை முதலில் பார்ப்பது, கையில் என்ன கொண்டுபோவது, கமெராவை எப்போது வெளியே எடுப்பது என்று தெரியாமல் நின்றுவிடுகிறார்கள். ஆகவே பாதையைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, ஊருக்குள் நடந்துகொள்ளும் விதத்தைக் கொஞ்சம் விரிவாகப் பேசுவோம்.

முதலில் இதைத் தெரிந்துகொண்டு புறப்படுங்கள்

தம்பானை பதுளை மாவட்டத்தில், மகியங்கனைக்குக் கிழக்கே இருக்கிறது. ஆதிவாசித் தலைவரின் வீடு இருக்கும் பகுதிக்குக் கொட்டபகினிய என்று பெயர். மாதுறு ஓயா தேசிய வனம் 1983இல் பிரகடனமானபோது, இந்த மக்கள் தலைமுறை தலைமுறையாக வேட்டையாடித் தேன் எடுத்த காடு அவர்களுக்கு மூடப்பட்டது. பல குடும்பங்கள் ஹெனானிகலை போன்ற மகாவலி அபிவிருத்தித் திட்டக் குடியேற்றங்களுக்குப் போயின. அப்போதைய தலைவர் திசாஹாமி போக மறுத்துத் தம்பானையிலேயே இருந்தார். அவர் 1998இல் காலமானபின் மகன் ஊருவரிகே வன்னில எத்தோ தலைவரானார். தங்கள் மக்களின் காட்டுரிமையைப் பேச 1996இலேயே ஜெனீவாவில் ஐக்கிய நாடுகள் சபையின் கூட்டத்துக்குப் போய்வந்தவர் இவர்.

இதையெல்லாம் ஏன் முதலில் சொல்கிறோம்? "இப்போதும் மான் அடிப்பீர்களா?", "காட்டு இறைச்சி கிடைக்குமா?" என்று அங்கே போய்க் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். காட்டு இறைச்சி விற்பது சட்டப்படி குற்றம். அதோடு, காட்டை இழந்த மனிதரிடம் அந்தக் கேள்வி எப்படிப் போய் விழும் என்பதையும் யோசியுங்கள்.

இன்னொன்று. ஆதிவாசிகளைத்தான் நாம் வேடர் என்கிறோம். வேடர் என்றால் தூரத்துச் சனம் என்று எண்ண வேண்டாம். வாகரைப் பக்கம் பனிச்சங்கேணி, குஞ்சன்குளம், மதுரங்கேணிக்குளம் என்று தமிழ் பேசும் வேடர் வாழும் ஊர்கள் நம் மாவட்டத்திலேயே இருக்கின்றன. கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் கோயிலின் வரலாறே, வேடர் ஒருவர் கொக்கட்டி மரத்தை வெட்ட இரத்தம் பெருகிய கதையில்தான் தொடங்குகிறது. பிள்ளைகளைக் கூட்டிப் போவதானால் இந்தக் கதையை வீட்டிலேயே சொல்லிவிடுங்கள். அங்கே அவர்கள் பார்க்கிற பார்வையே வேறாக இருக்கும்.

படி 1: நாளும் நேரமும்

மார்கழி, தை மாத மழையைத் தவிருங்கள். உள்வீதி சேறாகிவிடும். ஓகஸ்ட் 9 உலக ஆதிவாசிகள் தினம். அன்றைக்கு வைபவங்கள் நடக்கும், சனமும் கூடும். பேசிப் பழக விரும்புகிறவர்கள் வேறு நாளில் போவதே நல்லது. நீண்ட விடுமுறை நாட்களும் அப்படித்தான். நம் தெரிவு சாதாரண வார நாள்.

காலை ஐந்தரைக்கு நகரை விட்டுவிடுங்கள். திரும்பும்போது புல்லுமலைப் பக்கத்தை இருட்டுமுன் தாண்டியாக வேண்டும். பொழுதுபட்டால் அந்தக் காட்டு வீதியில் யானை ஏறும். மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் இதை இரண்டு தரம் வாசியுங்கள்.

படி 2: பாதை

செங்கலடி, கரடியனாறு, புல்லுமலை, மகாஓயா, பதியத்தலாவை. பதியத்தலாவையில் பிபிலை வீதியை விட்டு மகியங்கனை வீதிக்குத் திரும்புங்கள். மகியங்கனை நகருக்கு முன்னாலேயே தம்பானைச் சந்தி வரும். அங்கிருந்து உள்ளே சில கிலோமீற்றர். எல்லாமாக நூறு கிலோமீற்றருக்குச் சற்று மேல். வான் வண்டியில் மூன்று மணித்தியாலம் வைத்துக்கொள்ளுங்கள்.

தொலைபேசி வரைபடத்தில் "தம்பானை" என்று மட்டும் போட்டால் சந்தியோடு நின்றுவிடலாம், ஏனென்றால் அது பல சிற்றூர்கள் சேர்ந்த பெரிய பகுதி. கொட்டபகினிய என்று தேடி, வீட்டிலேயே வரைபடத்தைத் தரவிறக்கி வையுங்கள்.

பஸ்ஸில் போகிறவர்களுக்கு: கண்டி பஸ்ஸில் ஏறலாம். ஆனால் எல்லாக் கண்டி பஸ்ஸும் இந்த வழியால் போவதில்லை, பொலன்னறுவைப் பக்கமாகப் போகிறவையும் உண்டு. ஏறுமுன் "மகியங்கனை வழியா?" என்று கேளுங்கள். பதுளை பஸ் என்றால் பதியத்தலாவையில் இறங்கி மாறவேண்டும். சந்தியில் ஓட்டோ பிடிக்கும்போது போக்குவரத்தோடு காத்திருக்கும் நேரத்துக்கும் சேர்த்தே கூலி பேசிவிடுங்கள். உள்ளே போய்த் திரும்ப வண்டி தேடுவது சிரமம்.

படி 3: கொண்டுபோக வேண்டியவை

வெற்றிலை, பாக்கு. இதுதான் முக்கியம். தலைவரைப் பார்க்கப் போகிறவர்கள் வெற்றிலைக் கட்டு கொடுப்பது வழக்கம். முதல் நாள் மாலை சந்தையில் வாங்கி, வாழையிலையில் சுற்றி, ஈரத்துணியால் மூடி, வாகனத்தில் வெயில் படாத இடத்தில் வையுங்கள். பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டினால் உள்ளே வியர்த்து, போய்ச் சேருமுன் கறுத்துவிடும். பாக்கு முழுப்பாக்காகவே இருக்கட்டும். கடையில் மடித்த பீடா வேண்டாம். சாராயம், சிகரெட் கொண்டுபோகவே கூடாது. பிள்ளைகளுக்கு இனிப்பு அள்ளிக் கொடுக்கும் பழக்கத்தையும் நாங்கள் விரும்பவில்லை. வாகனத்தைக் கண்டதும் பிள்ளைகள் கைநீட்டி ஓடிவர நாமே பழக்கிவிடுகிறோம். ஏதாவது கொடுக்க மனமிருந்தால் கொப்பி, பென்சில் வாங்கி அங்குள்ள பெரியவர்களிடம் கொடுங்கள்.

சில்லறைக் காசு நூறு, ஐந்நூறு தாள்களாக இருக்கட்டும். மகாஓயாவும் பதியத்தலாவையும் சிங்கள நகரங்கள். ஹலால் சாப்பாடு தேவையான காத்தான்குடி, ஏறாவூர்க்காரர்கள் வீட்டிலிருந்தே சோற்றுப் பார்சல் கட்டிக்கொண்டால் அலைச்சல் இல்லை. பார்சல் கடதாசியும் தண்ணீர்ப் போத்தலும் திரும்ப உங்கள் வாகனத்திலேயே வரவேண்டும்.

படி 4: ஊருக்குள், இந்த ஒழுங்கில்

அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். வாகனம் நின்றதும் வில்லும் கோடரியுமாக நிற்பவரைக் கண்டு, தொலைபேசியைத் தூக்கிக்கொண்டு இறங்குவார்கள். அந்த நிமிடமே நீங்கள் விருந்தாளி என்ற நிலை போய்விடும். பிறகு அங்கே கிடைப்பது வில் வளைத்துக் காட்டுவதும் தீ மூட்டிக் காட்டுவதும் மட்டும்தான்.

தொலைபேசி சட்டைப்பைக்குள் இருக்கட்டும். முதலில் எதிர்ப்படுகிறவரிடம் தலைவரைப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். முதியவர்கள் தங்கள் மொழி பேசினாலும் எல்லாருக்கும் சிங்களம் தெரியும். தமிழ் எடுபடாது. சிங்களம் பேசக்கூடிய ஒருவரைக் கூட்டிப் போவதே சிறந்தது. அப்படி ஒருவர் இல்லாவிட்டால் இந்த வசனத்தைப் பாடமாக்குங்கள்: "வன்னில எத்தோ ஹம்பவென்ன புளுவன்த?"

அவர் ஊரில் இல்லாத நாட்களும் உண்டு, அலுவலாக வெளியே போயிருப்பார். அப்போது அங்கிருக்கும் மூத்தவர் ஒருவரிடம் வெற்றிலையைக் கொடுங்கள்.

வணக்கம் சொல்லும் விதம் இப்படி. ஆண்கள் ஒருவரை ஒருவர் நேருக்கு நேர் நின்று, இரண்டு கைகளாலும் மற்றவரின் முன்னங்கைகளைப் பிடித்துக்கொள்வார்கள். உள்ளங்கை குலுக்குவது இல்லை. முழங்கைக்குக் கீழே, அழுத்தாமல், ஒரு மூச்சு நேரம். "ஹொந்தமய்" என்று அவர் சொன்னால் நீங்களும் அதையே திருப்பிச் சொல்லலாம். அவர் கை நீட்டும்வரை பொறுங்கள். நீங்களாகப் பாய்ந்து பிடிக்க வேண்டாம். பெண்கள் கைகூப்பினால் போதும். இடது தோளில் தொங்கும் கோடரியைத் தொட்டுப் பார்க்கக் கை நீள்வது இயல்பு, ஆனால் கேட்காமல் தொடாதீர்கள். தோளை விட்டு இறங்காத பொருள் அது.

வெற்றிலையை இரண்டு கையாலும் கொடுங்கள். உட்காரச் சொன்னால் உட்காருங்கள். எங்கிருந்து வருகிறீர்கள் என்று சொல்லுங்கள். மட்டக்களப்பு என்றதும் பேச்சுத் தொடங்கிவிடும், வாகரை வேடரைப் பற்றியும் கேட்கலாம். பத்து நிமிடம் பேசிய பிறகு, "பொட்டோ எகக் கன்ன புளுவன்த?" (ஒரு படம் எடுக்கலாமா?) என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் அத்தோடு விட்டுவிடுங்கள். வீட்டு முற்றத்தில் வேலையாக இருக்கும் பெண்களையும் பிள்ளைகளையும் தூரத்தில் நின்று பெரிதாக்கிப் படம் எடுப்பது, வேண்டாம் என்றவரை வற்புறுத்துவதைவிட மோசம்.

அதன்பிறகு நூதனசாலைக்குப் போங்கள். முன்னோரின் வேட்டைக் கருவிகளையும் புழங்குபொருட்களையும் பழைய படங்களையும் பேசிய பிறகு பார்த்தால், எதைப் பற்றிக் கேட்பது என்று உங்களுக்கே தெரியும். வில் விடுவது, தீக்கடைவது போன்றவற்றைப் பார்க்க விரும்பினால் கூலியை முன்கூட்டியே பேசி, செய்து காட்டுகிறவர் கையிலேயே கொடுங்கள். வழிகாட்டியிடம் கொடுத்தால் எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று தெரியாது. "கிரி கொரஹ" சடங்கை ஆடிக் காட்டச் சொல்லிக் கேட்க வேண்டாம். அது இறந்த முன்னோரை அழைக்கும் வழிபாடு. நம் ஊர் அம்மன் சடங்கில் தெய்வம் ஆடுகிறவரிடம் போய் யாரும் அப்படிக் கேட்பதில்லையே.

படி 5: தேன் வாங்குவதானால்

வழியோரக் கடைகளை விட, ஊருக்குள் எடுத்தவரிடமே வாங்குங்கள். தண்ணீரில் சொட்டு விட்டுப் பார்ப்பது, கடதாசியில் தேய்ப்பது எல்லாம் தடிப்பைத்தான் காட்டும். நன்றாகக் காய்ச்சிய சீனிப்பாகும் அந்தச் சோதனையில் தேறிவிடும். அடியில் மணல்போல் உறைந்தால் கலப்படம் என்பதும் தவறு, நல்ல தேனும் உறையும். நம்புவதற்கு இருப்பது எடுத்தவரின் வாய்ச்சொல்லும் பொருளின் வாசனையும்தான்.

காட்டுத் தேனில் ஈரம் கூட. போத்தலை வாய்மட்டும் நிரப்பி இறுக மூடி, சூடான வாகனத்தில் வைத்தால் புளித்து நுரைத்துக் கசியும். நாலில் ஒரு பங்கு வெறுமையாக விட்டு, நிமிர்த்தி வைத்துக் கொண்டுவாருங்கள்.

திரும்பும் வழி

இரண்டு மணிக்குள் புறப்பட்டால் மகாஓயா வெந்நீர்க் கிணறுகளைப் பார்க்க நேரம் இருக்கும். கிணற்றுக்குக் கிணறு சூடு வேறு, சில கை வைக்க முடியாத கொதி. பிள்ளைகளைப் பிடித்துக்கொள்ளுங்கள். மூன்று மணி தாண்டிவிட்டால் கிணற்றை விட்டுவிட்டு நேரே வாருங்கள்.

அம்பாறையிலிருந்து போகிறவர்களுக்கு

நீங்கள் செங்கலடிக்கு வரத் தேவையில்லை. உகணை வழியாக மகாஓயாவுக்கு ஏறி, அங்கிருந்து மேலே சொன்ன பாதைதான். உங்கள் மாவட்டத்துக்குள்ளேயே மகாஓயாப் பக்கம் பொல்லேபெத்த என்ற ஆதிவாசி ஊர் இருக்கிறது. ஆனால் தம்பானையைப்போல் நாள்தோறும் வெளியாட்கள் வந்துபோகும் இடம் இல்லை. அறிந்தவர் ஒருவர் முன்கூட்டியே சொல்லிவைத்து, ஊரவர் வரச் சொன்னால் மட்டும் போங்கள்.