ட்ரம்ஸ் புரோகிராமிங்: முதலில் கைகளை எண்ணுங்கள்

கம்ப்யூட்டரில் ட்ரம்ஸ் ட்ராக்கை மவுஸால் எழுதி முடித்ததும் பலருடைய கை நேராகப் போவது ஹியூமனைஸ் பட்டனுக்குத்தான். அழுத்தினால் நோட்டுகள் கொஞ்சம் முன்னே பின்னே சிதறும், வெலாசிட்டி (அடியின் பலம், உச்சம் 127) கூடிக் குறையும். ஆனால் கேட்டால், தாளம் நிற்காத ஒருவர் வாசித்த மாதிரி இருக்கும். நல்ல ட்ரம்மரின் வாசிப்பிலும் வித்தியாசங்கள் நிறைய உண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணமும் உண்டு. வலது கைக்கு பலம் அதிகம். குச்சியின் நுனி பட்டால் ஒரு சத்தம், தண்டு பட்டால் இன்னொரு சத்தம். கோரஸ் வரும்போது உடம்பே கொஞ்சம் எழும்பும். இந்தக் காரணங்களை எழுதத் தெரிந்தால் அந்தப் பட்டன் தேவைப்படாது.

நாகர்கோவிலில் வீட்டு ஸ்டூடியோ வைத்து சர்ச் பாடல்களுக்கும் மெல்லிசைக் குழுக்களின் ட்ராக்குகளுக்கும் ரிதம் செய்து தருகிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அசல் ட்ரம்ஸ் கிட்டில் உட்கார்ந்து வாசிக்கிறேன். கீழே உள்ளதெல்லாம் அந்த இருக்கையில் கற்றுக்கொண்டவை. நான் ரீப்பர் என்ற இசைப்பதிவு மென்பொருளில் வேலை செய்கிறேன். கியூபேஸ், லாஜிக், எஃப்எல் ஸ்டூடியோ எதில் செய்தாலும் முறை ஒன்றுதான்.

முதலில் சாம்பிளரை, அதாவது அசல் ட்ரம்ஸின் பதிவுகளை ஒலிக்கும் மென்பொருளைச் சோதியுங்கள். ஸ்னேர் (கூர்மையாக ஒலிக்கும் ட்ரம்) நோட்டை ஒரே வெலாசிட்டியில் எட்டுத் தடவை வரிசையாகப் போட்டுக் கேளுங்கள். எட்டும் அச்சு அசலாக ஒரே சத்தமாக வந்தால், அந்தக் கிட்டில் ஒவ்வொரு அடிக்கும் ஒரே ஒரு பதிவுதான் இருக்கிறது. அதை வைத்து மேலே போக முடியாது. ஒரே பலத்தில் அடித்த பல பதிவுகளை மாற்றி மாற்றி ஒலிக்கும் கிட் வேண்டும். அதைத்தான் ரவுண்ட் ராபின் என்கிறார்கள். பணம் செலவழிக்காமல் தொடங்க எம்டி பவர் ட்ரம் கிட், ஸ்டீவன் ஸ்லேட் ட்ரம்ஸின் இலவசப் பதிப்பு இரண்டையும் இறக்கிப் பாருங்கள்.

சரி, உதாரணத்துக்கு 100 பி.பி.எம். (நிமிடத்துக்கு 100 பீட்), 4/4, எட்டாம் நோட்டு (பீட்டுக்கு இரண்டு அடி) ஹை-ஹாட் (காலால் திறந்து மூடும் ஜோடித் தட்டு), இரண்டிலும் நான்கிலும் ஸ்னேர் என்று வைத்துக்கொள்வோம்.

எழுதியதும் நோட்டுகள் கட்டங்களாகத் தெரியும் பியானோ ரோலில் ஒரு நேர்க்கோட்டைப் போல மேலிருந்து கீழே பாருங்கள். ஒரே கணத்தில் எத்தனை நோட்டு விழுகிறது? ஆளுக்கு இரண்டு கை, இரண்டு கால். கிராஷ் (பெரிய தட்டு) அடிக்கும் கை அந்த நேரத்தில் ஹை-ஹாட்டில் இருக்க முடியாது. அங்கே இருக்கும் ஹை-ஹாட் நோட்டை அழியுங்கள். டாம் ட்ரம்களில் ஃபில் (பகுதிகளை இணைக்கும் சின்ன உருட்டல்) ஓடும்போது இரண்டு கையும் டாமில்தான். ஹை-ஹாட் கேட்க வேண்டுமென்றால் இடது காலால் மிதிக்கும் பெடல் சத்தம் மட்டும்தான் வரும், ஜெனரல் மிடி என்ற பொது நோட்டு எண் வரிசையில் அது 44. கிராஷோடு பெரும்பாலும் கிக்கும் (காலால் மிதிக்கும் பெரிய ட்ரம்) சேர்ந்து விழும். அடியில் கிக் இல்லாத கிராஷ் தனியாகத் தொங்கும். இந்த ஒரு சுத்திகரிப்பிலேயே பாதி ட்ராக் மனிதனுடையதாகிவிடும்.

பதினாறாம் நோட்டு (பீட்டுக்கு நான்கு அடி) ஹை-ஹாட்டில் இது இன்னும் முக்கியம். 80 பி.பி.எம். பாட்டென்றால் ஒரே கையால் ஓட்டிவிடலாம். வேகம் ஏற ஏற, பலர் வலது, இடது என்று இரண்டு கையாலும் மாற்றி மாற்றித்தான் வாசிப்பார்கள். அப்போது இரண்டாம், நான்காம் பீட்டில் வலது கை ஹை-ஹாட்டை விட்டு ஸ்னேருக்கு இறங்கிவிட்டுத் திரும்பும். ஆகவே அந்த இரண்டு இடத்திலும் ஹை-ஹாட் இருக்கக் கூடாது. இடது கைக்கு வரும் நோட்டுகள் எல்லாம் வெலாசிட்டியில் பத்து பதினைந்து புள்ளி குறைவாக இருக்கட்டும்.

பாட்டு முழுக்க காதில் விழுந்துகொண்டே இருப்பது ஹை-ஹாட்தான், அதனால் என் நேரத்தில் பெரும்பகுதி அதற்கே போகிறது. எட்டாம் நோட்டில் ஒரு பாருக்கு (நான்கு பீட் கொண்ட ஒரு சுற்று) வெலாசிட்டியை 96, 70, 90, 66, 94, 72, 90, 68 என்பது மாதிரி எழுதுவேன். பீட்டின் மேல் விழுவது பலம், நடுவில் விழுவது மெது. வெலாசிட்டியோடு நிறுத்தாதீர்கள். நல்ல சாம்பிளரில் எட்ஜ், டிப் என்று தனித்தனி நோட்டு இருக்கும். பலமான அடிக்குத் தண்டு ஓரத்தில் பட்ட சத்தத்தையும், மெதுவான அடிக்கு நுனி மேலே பட்ட சத்தத்தையும் கொடுங்கள். பிறகு திறப்பு. பல சாம்பிளர்களில் கன்ட்ரோலர் 4 என்ற மிடி அளவு ஹை-ஹாட் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைச் சொல்லும். சரணத்தில் இறுக்கமாக மூடி, கோரஸுக்கு முந்தைய பாரில் மெல்ல மெல்லத் திறந்துகொண்டே போனால், பாட்டு எழும்பப் போகிறது என்பது கேட்பவருக்கு உடம்பில் தெரியும். திறந்த ஹை-ஹாட்டை மூடவும் வேண்டும். பெரும்பாலான ட்ரம் சாம்பிளர்களில் நோட்டின் நீளத்துக்கு மதிப்பே கிடையாது. நோட்டைச் சுருக்கினாலும் சத்தம் ஓடிக்கொண்டே இருக்கும். கால் இறங்கும் இடத்தில் ஒரு பெடல் நோட்டோ, மூடிய நோட்டோ போட்டால்தான் அது அறுபடும்.

ஸ்னேரை 127-இல் வைக்காதீர்கள். உச்ச வெலாசிட்டியில் பல கிட்டுகளில் விளிம்போடு சேர்த்து அடித்த ரிம்ஷாட் சத்தம்தான் இருக்கும். ஒவ்வொரு பாரிலும் அது விழுந்தால் காது களைத்துவிடும். சரணத்தில் 100 பக்கம், கோரஸில் 112 பக்கம், கடைசிக் கோரஸுக்கு மட்டும் அதற்கு மேல். முக்கிய அடிகளுக்கு நடுவே இடது கை சும்மா இருக்காது. ஹை-ஹாட் விழாத பதினாறாம் இடங்களில் 20 முதல் 35 வரை வெலாசிட்டியில் ஒன்றிரண்டு கோஸ்ட் நோட் (மெல்லிய ஸ்னேர் அடி) வையுங்கள். மிக்ஸில் அவை தனியாகக் கேட்கவே வேண்டாம், மியூட் செய்தால் ஏதோ குறைகிறது என்று தெரிந்தால் போதும். ஆனால் பாட்டில் தபலாவோ டோலக்கோ ஓடுகிறதென்றால் கோஸ்ட் நோட்டை எடுத்துவிடுங்கள். அந்தச் சின்னச் சின்ன இடைவெளிகள் அவற்றை வாசிப்பவர்களுடையவை. நம் பாடல்களில் அதிகம் வரும் 6/8-லும் அப்படித்தான்: ட்ரம்ஸ் ஒன்றிலும் நான்கிலும் அழுத்திவிட்டு மீதியை டோலக்கிடம் விட்டால் இரண்டும் தெளிவாக இருக்கும்.

கிக் இரண்டு அடுத்தடுத்து வந்தால் முதலாவதை மெதுவாகவும் இரண்டாவதை பலமாகவும் வையுங்கள்.

இப்போது டைமிங். 100 பி.பி.எம்.மில் ஒரு பீட் 600 மில்லிசெகண்ட். ரீப்பரில் இயல்பாக ஒரு பீட்டுக்கு 960 டிக் (பீட்டைப் பிரிக்கும் மிகச் சிறிய அளவு), ஆகவே 10 மில்லிசெகண்ட் என்பது 16 டிக். மெதுவான, சாய்ந்து நடக்கும் பாட்டில் கிக்கை கிரிட்டிலேயே (சரியான தாள இடத்தைக் காட்டும் கோடு) விட்டு, ஸ்னேர் அடிகள் அத்தனையையும் 8 முதல் 16 டிக் வரை பின்னால் தள்ளுங்கள். துள்ளலான பாட்டில் ஸ்னேரை இழுக்காமல் ஹை-ஹாட்டை ஒரு நூல் முன்னால் நகர்த்துங்கள். கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: சரணம் முழுக்க ஒரே திசை. ஒரு ஸ்னேர் முன்னால், அடுத்தது பின்னால் என்று போனால் பாடகர் எதன் மேல் நிற்பார்? கோரஸில் டெம்போவை 101 ஆக்கி, சரணத்தில் மறுபடி 100-க்குக் கொண்டுவாருங்கள். கிளிக் (மெட்ரோனோம்) இல்லாமல் வாசிக்கும் குழுக்களின் வாசிப்பில் இந்த ஏற்ற இறக்கம் காதில் விழும்.

ஃபில்லை மவுஸால் எழுதவே வேண்டாம் என்பேன். கீபோர்டிலோ ரிதம் பேடிலோ கையால் தட்டிப் பதியுங்கள், பிறகு நோட்டுகளை கிரிட்டுக்கு இழுக்கும் குவாண்டைஸை முழுதாகக் கொடுக்காமல் 60 சதவீதம் கொடுங்கள். வாயில் சொல்ல முடியாத ஃபில் பெரும்பாலும் பாட்டுக்கும் ஒட்டாது. ஃப்ளாம் (ஒட்டி விழும் இரட்டை அடி) வேண்டுமென்றால் முக்கிய அடிக்கு 25 மில்லிசெகண்ட் முன்னால், 40 பக்கம் வெலாசிட்டியில் ஒரு சின்ன அடி.

சத்தத்தைப் பற்றிச் சுருக்கமாக. ஸ்னேருக்கு ஒரு ரிவெர்ப் (அறை எதிரொலி எஃபெக்ட்), டாமுக்கு வேறொன்று என்று போட்டால் ஒவ்வொரு ட்ரம்மும் வேறு வேறு அறையில் இருக்கும். கிட்டோடு வரும் ரூம் மைக்கை ஏற்றுங்கள். மூன்று மீட்டர் தள்ளி வைத்த மைக்குக்குச் சத்தம் ஏறக்குறைய 9 மில்லிசெகண்ட் தாமதமாகத்தான் போய்ச் சேரும். அந்தத் தாமதம்தான் அறையின் அளவைச் சொல்கிறது, அதை இழுத்து நேராக்காதீர்கள். ஸ்னேர் சத்தம் மற்ற மைக்குகளில் கசியும் ப்ளீட் வசதி இருந்தால் அதையும் கொஞ்சம் திறந்துவிடுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு நான் எப்போதும் ஒன்று செய்கிறேன்: உண்மையான ஷேக்கரையோ டாம்பரினையோ கையில் எடுத்து, மைக் முன்னால் நின்று, பாட்டின் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே மூச்சில் வாசித்துப் பதிகிறேன். நல்ல மைக் இல்லையென்றால் ஃபோனிலேயே பதியலாம். லூப் செய்ய வேண்டாம், குவாண்டைஸ் செய்ய வேண்டாம். அதை ஹை-ஹாட்டுக்குச் சற்றுக் கீழே வைத்து, எந்த இடத்தில் ட்ரம்ஸோடு உரசுகிறது என்று கேளுங்கள். அங்கே திருத்த வேண்டியது பெரும்பாலும் எழுதிய மிடி நோட்டுகளைத்தான்.