ஐப்பசி மழையும் தீபாவளிப் பலகாரமும்: எங்கே தவறுகிறோம்?

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கும். தீபாவளியும் அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடுவுக்குள் ஏதாவது ஒரு நாளில் வந்துவிடும். அதனால் நம் ஊரில் பலகார வேலை என்றாலே ஈரக் காற்றோடுதான் வேலை. ஊறவைத்த அரிசி காயாது, வெல்லம் கசியும், மாலையில் சுட்ட முறுக்கு காலையில் நமுத்திருக்கும். எங்கள் வீட்டில் ஒரு பலகாரம் சரியாக வரவில்லை என்றால் நான் முதலில் பார்ப்பது தண்ணீரைத்தான். மாவில் எவ்வளவு ஈரம் இருந்தது, பாகில் எவ்வளவு தண்ணீர் மிச்சம், டப்பாவுக்குள் எவ்வளவு ஆவி போனது என்று பார்த்தால் பாதிக்கு மேல் பதில் அங்கேயே கிடைத்துவிடும்.

அதிரசத்திலிருந்து தொடங்குகிறேன். அதிகம் பேர் பயப்படுவது அதற்குத்தான்.

முதல் தவறு, பாக்கெட்டில் விற்கும் காய்ந்த அரிசி மாவை எடுத்துக்கொள்வது. இடியாப்பத்துக்கும் முறுக்குக்கும் அது போதும், அதிரசத்துக்கு ஆகாது. மாவு பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, வேட்டித் துணியில் நிழலில் பரப்பி, ஈரம் இருக்கும்போதே அரைக்க வேண்டும். ஈர அரிசி எளிதாக உடைந்து நைசான மாவாகும். காய்ந்த அரிசியை அரைத்தால் குருணை நிற்கும், அது பாகோடு சேராமல் அதிரசம் மொரமொரப்பாகிவிடும். எவ்வளவு ஈரம் வேண்டும் என்றால், அரிசியை அள்ளி இறுக்கினால் கையில் ஒட்ட வேண்டும், தண்ணீர் கசியக் கூடாது. அரைத்த மாவைப் பிடித்தால் பிடி நிற்க வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். வெயில் நாளில் அரை மணியில் வரும் பக்குவத்துக்கு மழை நாளில் ஒன்றரை மணிகூட ஆகும். கடிகாரத்தைப் பார்க்காமல் கையால் தொட்டுப் பாருங்கள். மின்விசிறிக்குக் கீழே பரப்பினால் மேல் அரிசி மட்டும் காய்ந்து அடியில் சொதசொதவென்று நிற்கும், நடுவில் இரண்டு தடவை கிளறிவிட வேண்டும். மில்லில் கொடுப்பதானால் ஈர மாவு அரைக்கும் மிஷின் தனியாக இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு போங்கள்.

அடுத்தது பாகு. ஒரு கிலோ அரிசிக்கு முக்கால் கிலோ வெல்லம் என்பது எங்கள் வீட்டுக் கணக்கு. பளிச்சென்ற மஞ்சள் வெல்லத்தைப் பார்த்து மயங்க வேண்டாம், நிறத்துக்காக ஹைட்ராஸ் என்னும் வெளுக்கும் ரசாயனம் சேர்ப்பது உண்டு. கருத்த பாகு வெல்லமே கேட்டு வாங்குங்கள். வெல்லம் கரைந்த உடனேயே வடிகட்டிவிட வேண்டும். பாகு ஏறிய பிறகு வடிகட்டப் போனால் பாதி வடிகட்டியிலேயே நின்றுவிடும்.

பதம் என்று நாம் சொல்வது, பாகில் இன்னும் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதைத்தான். தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். வெல்லப் பாகிலிருந்து தண்ணீர் போகப் போக அதன் சூடு 100-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போகும். 112 முதல் 116 டிகிரிக்குள் வரும்போது, கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு விரலால் கூட்டினால் மெத்தென்று உருளும். இதைத்தான் தக்காளிப் பதம் என்கிறார்கள். அதற்கு முன்னால் இறக்கினால் அதிரசம் எண்ணெயில் பிரியும், தாண்டிவிட்டால் கல்லாகும். அந்தப் பதம் வந்து போக ஓரிரு நிமிடம்தான். அந்த நேரத்தில் போன் அடித்தால் எடுக்காதீர்கள்.

இறக்கிய பாகில் ஏலக்காயும் சுக்கும் போட்டு, மாவைக் கைப்பிடி கைப்பிடியாகச் சேர்க்க வேண்டும். இங்கேதான் அனுபவமுள்ளவர்களும் தவறுவார்கள். சூட்டில் மாவு இளகிக் கிடப்பதைப் பார்த்து, போதவில்லை என்று எண்ணி அரைத்த மாவு முழுவதையும் கொட்டிவிடுவார்கள். மறுநாள் அது இறுகி, தட்டவே வராது. இட்லி மாவைவிடக் கொஞ்சம் கெட்டியாக இருக்கும்போதே நிறுத்துங்கள், கொஞ்சம் மாவு மிஞ்சினால் மிஞ்சட்டும். மேலே நெய் தடவி மூடி ஓர் இரவாவது, முடிந்தால் இரண்டு மூன்று நாள் வைத்தால் மாவு பாகின் ஈரத்தை நிதானமாக உள்ளே வாங்கிக்கொள்ளும். தீபாவளிக்கு முந்தின நாள் அதிரசத்துக்கு அரிசி ஊறப்போடுவது அதனால்தான் வேண்டாம் என்கிறேன்.

எனக்குக் கல்யாணமான வருடம் பாகை இளசாக இறக்கிவிட்டேன். முதல் அதிரசம் எண்ணெயில் விழுந்ததும் சல்லடையாகப் பிரிந்து கரைந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. மாமியார் பக்கத்தில் வந்து, “அடுப்ப அணைச்சிடும்மா. மிச்ச மாவு இருக்குல்ல? ரெண்டு கை போட்டுப் பிசைஞ்சு வை, நாளைக்குச் சுடுவோம்” என்றார். மறுநாள் நன்றாகவே வந்தது. இன்றைக்கும் நான் ஒன்றே ஒன்றைத் தட்டிப் போட்டுப் பார்க்காமல் அடுத்ததைத் தட்டுவதில்லை. மாவு இறுகிப் போயிருந்தால் வெதுவெதுப்பான பால் தெளித்துப் பிசையலாம். ஆனால் பால் சேர்த்த அதிரசத்தை இரண்டு மூன்று நாளில் தின்று தீர்த்துவிட வேண்டும்.

சுடும்போது தீ மிதமாக இருக்கட்டும். வெல்லம் சீக்கிரம் கருகும், பெரிய தீயில் மேலே கருத்து உள்ளே மாவாகவே நிற்கும். எடுத்ததும் இரண்டு தட்டைக் கரண்டிக்கு நடுவே வைத்து எண்ணெயை அழுத்தி எடுத்துவிட்டு, ஒன்றின்மேல் ஒன்று அடுக்காமல் பரப்பி வையுங்கள்.

முறுக்குக்கு வருகிறேன். நான்கு பங்கு அரிசி மாவுக்கு ஒரு பங்கு வறுத்து அரைத்த உளுந்து மாவு. உளுந்து சிவக்கக் கூடாது, வாசம் வந்ததும் இறக்கிவிட வேண்டும். மொறுமொறுப்புக்காக வெண்ணெயை அள்ளிப் போடுவதும் சோடா உப்பு சேர்ப்பதும் பெரிய தவறு. முறுக்கு எண்ணெயில் உடையும், எண்ணெயையும் குடிக்கும். நான்கு டம்ளர் அரிசி மாவுக்கு இரண்டு மேசைக்கரண்டி வெண்ணெய் போதும். மாவு முழுவதையும் ஒரேயடியாகத் தண்ணீர் விட்டுப் பிசைந்துவிட்டால், கடைசி ஈடு வருவதற்குள் மாவு புளித்து முறுக்கு சிவந்துபோகும். நான்கைந்து ஈட்டுக்கு வேண்டியதை மட்டும் பிசையுங்கள்.

எண்ணெயில் போட்டதும் சலசலவென்று வரும் குமிழி எல்லாம் மாவிலிருந்து வெளியேறும் தண்ணீர்தான். அந்தச் சத்தம் அடங்கினால் முறுக்கு வெந்துவிட்டது. நிறத்தை மட்டும் பார்த்து, சத்தம் இருக்கும்போதே எடுத்த முறுக்கு எத்தனை நல்ல டின்னில் போட்டாலும் நமுத்துப் போகும். ஒரே ஈட்டில் ஏழெட்டுப் போட்டால் எண்ணெயின் சூடு இறங்கிவிடும், அப்போதும் எண்ணெய் குடிக்கும்.

சீடை வெடிப்பதற்கும் காரணம் இந்தத் தண்ணீர்தான். இறுக்கி உருட்டிய உருண்டைக்குள் மாட்டிய ஈரம் ஆவியாகி வழி தெரியாமல் உடைத்துக்கொண்டு வரும். மாவைச் சலித்து, தளர்வாக உருட்டி, துணியில் உலர்த்திவிட்டுப் போடுங்கள். ஈரக் கரண்டி எண்ணெய்ச் சட்டிக்குள் போகவே கூடாது. சட்டியில் தீப்பிடித்தால் ஒருபோதும் தண்ணீர் ஊற்றாதீர்கள். அடுப்பை அணைத்துத் தட்டால் மூடுங்கள், சட்டியைத் தூக்கிக்கொண்டு நகராதீர்கள். பிள்ளைகளுக்கு முறுக்குப் பிழியக் கற்றுக்கொடுக்கலாம், நல்லதுதான். அவர்கள் தட்டில் பிழியட்டும், எண்ணெயில் போடுவது பெரியவர்கள் வேலை.

மைசூர் பாகுக்குச் சலித்த கடலை மாவு, ஒற்றைக் கம்பிப் பாகு, சூடான நெய். ஆறிய நெய்யை ஊற்றினால் பூக்காது. நுரைத்துப் பொங்கி ஓரம் விட்டதும் தட்டில் கொட்டிவிட வேண்டும், வெதுவெதுப்பாக இருக்கும்போதே வில்லை போட வேண்டும்.

இத்தனையும் சரியாகச் செய்துவிட்டு எடுத்துவைப்பதில் தவறுபவர்கள் நிறைய. கை பொறுக்கும் சூடு இருக்கிறதே என்று டின்னில் போட்டால் ஆவி மூடியில் நின்று திரும்ப முறுக்கின்மேல் சொட்டும். இரண்டு மூன்று மணி நேரம் நன்றாக ஆறட்டும். அதிரசத்தையும் முறுக்கையும் ஒரே டின்னில் வைக்காதீர்கள், அதிரசத்தின் ஈரம் முறுக்குக்கு ஏறிவிடும். எண்ணெய் வடிய செய்தித்தாளில் பரப்பும் பழக்கத்தையும் விட்டுவிடலாம். அச்சு மையில் உடம்புக்கு ஆகாத பொருள்கள் இருப்பதால் உணவை அதில் வைக்க வேண்டாம் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2016-லேயே சொல்லியிருக்கிறது.

அதே ஆணையம் பொரித்த எண்ணெய்க்கும் 2018 ஜூலை முதல் ஒரு வரம்பு வைத்திருக்கிறது: திரும்பத் திரும்பச் சூடாவதால் உண்டாகும் போலார் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெய் சமையலுக்கு ஆகாது. வீட்டில் அளக்கக் கருவி இல்லை. கருத்து, பிசுபிசுத்து, நுரைத்து, முன்னைவிடச் சீக்கிரம் புகைந்தால் அதன் காலம் முடிந்தது. பழைய எண்ணெயோடு புதியதைக் கலந்து ஓட்டுவது வேண்டாம், சிங்க்கில் ஊற்றுவதும் வேண்டாம். ஒரு தடவை மட்டும் பொரித்த எண்ணெய் மிஞ்சினால் வடிகட்டி, இரண்டு மூன்று நாளுக்குள் தாளிப்பில் தீர்த்துவிடுங்கள்.

அப்புறம் லேகியம். எல்லா வேலையும் முடிந்து களைத்த பிறகுதான் பலருக்கு இது ஞாபகம் வரும். சுக்கு, மிளகு, திப்பிலி, கண்டந்திப்பிலி, ஓமம், சீரகம் எல்லாம் சேர்த்து நாட்டு மருந்துக் கடையில் தீபாவளி மருந்து என்று கேட்டாலே கட்டித் தருவார்கள். வெல்லம் சேர்த்துக் கிளறும்போது அவசரப்பட்டு இறக்கினால் தண்ணீர் நின்று இரண்டே வாரத்தில் பூஞ்சை பிடிக்கும். நெய் பிரிந்து, சட்டியில் ஒட்டாமல் சுருண்டு வரும்வரை கிளறுங்கள். தேனை ஆறிய பிறகு கலந்துகொள்ளுங்கள். விடியற்காலை எண்ணெய் தேய்த்துக் குளித்ததும் பெரியவர்களுக்கு ஒரு சிறு நெல்லிக்காய் அளவு, பிள்ளைகளுக்குச் சுண்டைக்காய் அளவு. அதைத் தின்ற பிறகு டின்னைத் திறங்கள்.