குயின்ஸ் காலேஜ் ஸ்டெப் டெஸ்ட்: முதலாமாண்டு மாணவர்களுக்கான செய்முறை

விளையாட்டு அறிவியல் படிக்கச் சேர்ந்தவர்கள் ஆய்வகத்தில் முதலில் செய்து பழக ஏற்ற சோதனை இது. ஒரு பெஞ்ச், மெட்ரோனோம் (நிமிடத்துக்கு இத்தனை என்று சீராகத் தாளம் தட்டும் கருவி), ஸ்டாப்வாட்ச் இருந்தால் போதும். ஒருவரை 3 நிமிடம் ஏறி இறங்க வைத்து, பிறகு நாடி பார்த்து, அவருடைய விஓ2 மேக்ஸை மதிப்பிடுகிறோம். உடல் ஒரு கிலோ எடைக்கு ஒரு நிமிடத்தில் அதிகபட்சம் எத்தனை மி.லி. ஆக்சிஜனைப் பயன்படுத்தும் என்பதுதான் அந்த அளவு. ஏறி இறங்குவதை எல்லோரும் ஒழுங்காகச் செய்துவிடுவார்கள். முடிந்ததும் எண்ணும் 15 விநாடியில்தான் கணக்கு கெடும்.

முந்தைய நாளிலிருந்தே

சோதனைக்கு வருபவர் 24 மணி நேரத்துக்குக் கடும் பயிற்சி செய்திருக்கக் கூடாது. வயிறு முட்டச் சாப்பிட்டு 2 மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். அன்று காலை காபி, டீ வேண்டாம். இதயக் கோளாறு, மயக்கம், மூட்டுவலி உண்டா, என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பீட்டா பிளாக்கர் மருந்து எடுப்பவருக்கு இந்தச் சோதனை பொருந்தாது. அந்த மருந்து நாடியைத் தணித்துவிடுவதால், இல்லாத உடற்தகுதி இருப்பதுபோல் விடை வரும்.

பெஞ்சின் உயரம் 41.3 செ.மீ. அதாவது 16¼ அங்குலம். டேப் வைத்து நீங்களே அளந்து பாருங்கள். மேலே மெத்தை ஒட்டிய பெஞ்ச் கால் வைத்ததும் அமுங்கும் என்பதால் அதைத் தவிருங்கள். ஆடாமலிருக்கச் சுவரோரம் போடுங்கள்.

தாளம்

ஆண்கள் நிமிடத்துக்கு 24 முறை, பெண்கள் 22 முறை ஏறி இறங்க வேண்டும். ஒரு முறை என்பது நான்கு அடி: வலது மேலே, இடது மேலே, வலது கீழே, இடது கீழே. ஆகவே மெட்ரோனோமை ஆண்களுக்கு 96, பெண்களுக்கு 88 என்று வையுங்கள். 24 என்றே வைத்துவிட்டு, தாளம் ஏன் இப்படி ஊர்கிறது என்று விழிப்பவர்கள் உண்டு.

முதலில் செய்து காட்டி, 15 விநாடி பழகவிடுங்கள். பின்பு நாடி தணியும்வரை உட்காரவைத்து, அந்த ஓய்வுநிலை நாடியைக் குறித்துக்கொண்டு தொடங்குங்கள். மேலே நிற்கும்போது முழங்கால் முழுதாக நிமிர வேண்டும். பாதி வளைந்தபடியே இறங்கினால் உடலைத் தூக்கும் வேலை குறைந்து, நாடியும் குறைவாகக் காட்டும். கால் சலித்தால் முதலில் வைக்கும் காலை மாற்றிக்கொள்ளலாம். நெஞ்சுவலி, தலைசுற்றல் என்றால் உடனே நிறுத்துங்கள். தாளத்தைப் பிடிக்கவே முடியாமல் தடுமாறினாலும் நிறுத்திவிட்டு, எத்தனையாவது விநாடி என்று எழுதுங்கள்.

நாடி எண்ணுவது

3 நிமிடம் முடிந்ததும் அவர் நின்றபடியே இருக்கட்டும். முதல் 5 விநாடிக்குள் நாடியைப் பிடித்துவிட வேண்டும். 5ஆம் விநாடியிலிருந்து 20ஆம் விநாடிவரை எண்ணி, வந்ததை 4ஆல் பெருக்குங்கள். இங்கே நேரம்தான் முதலில் தொடங்குகிறது. எனவே அந்த 15 விநாடிக்குள் வரும் முதல் துடிப்பு ‘ஒன்று’, பூஜ்யம் இல்லை.

ஆண்களுக்கு ஒரே ஒரு துடிப்பைத் தவறவிட்டால் நிமிடக் கணக்கில் 4 குறையும், விடை 1.68 கூடிவிடும். 10 விநாடி தாமதமாகத் தொடங்கினாலும் அதே கதைதான், ஏனென்றால் நின்றவுடன் நாடி மளமளவென்று இறங்கும். கட்டைவிரலால் பார்த்தால் உங்கள் துடிப்பையே எண்ணிவிடுவீர்கள். மணிக்கட்டில் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் வையுங்கள். கழுத்தில் பார்ப்பதென்றால் ஒரு பக்கம் மட்டும், மெல்ல. அங்கே அழுத்தினால் இரத்த அழுத்தத்தை உணரும் நரம்புகள் தூண்டப்பட்டு இதயமே மெதுவாகிவிடும். மார்பில் கட்டும் மானிட்டர் இருந்தால், அதே 15 விநாடியின் சராசரியை எடுங்கள். நின்ற நொடியில் திரையில் தெரியும் எண் இந்தச் சூத்திரத்துக்கு உரியதல்ல.

கைக்குப் பழக்கம் வர, சோதனைக்கு முன் பத்துப் பேருக்காவது நாடி பிடித்துப் பாருங்கள்.

கணக்கு

ஆண்கள்: 111.33 − (0.42 × நாடி)
பெண்கள்: 65.81 − (0.1847 × நாடி)

15 விநாடியில் 38 துடிப்பு எண்ணிய ஆணுக்கு நாடி 152. 0.42ஆல் பெருக்க 63.84, விடை 47.49. 40 துடிப்பு எண்ணிய பெண்ணுக்கு நாடி 160, விடை 36.26. அலகு: மி.லி./கிலோ/நிமிடம்.

இரண்டு தசமம் வந்துவிட்டதாலேயே அத்தனை துல்லியம் என்று நம்பிவிடாதீர்கள். இந்த முறையில் ஏறத்தாழ 16 சதவீதம் முன்னேபின்னே இருக்கலாம். மேலே சொன்ன ஆணின் உண்மை அளவு 40 முதல் 55வரை எங்கேயும் இருக்கலாம். ரெக்கார்டில் ‘சுமார் 47’ என்று எழுதி, இந்த வரம்பையும் சேர்த்து எழுதுவதே நேர்மை. கால் குட்டையானவர்களுக்கு இதே பெஞ்ச் கூடுதல் சிரமம் என்பதையும் விவாதப் பகுதியில் சொல்லலாம்.

அறை வெப்பநிலையைக் கட்டாயம் குறியுங்கள். சித்திரை வெயிலில் மின்விசிறி இல்லாத அறையில் நாடி தானாகவே ஏறும். நல்ல தகுதியுள்ளவருக்கும் விடை குறையும். எட்டு வாரப் பயிற்சிக்குப் பின் அவரையே மறுபடி சோதிக்கும்போது அதே பெஞ்ச், அதே நேரம், நாடி எண்ணுவதும் அதே ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.