யாழ்ப்பாணத்துக்குத் தொண்டுக்கு வருகிறீர்களா? புதியவர்களுக்கான செய்முறை

ரொறன்ரோவில் இருந்தாலும் சரி, பாரிஸில் இருந்தாலும் சரி, சென்னையில் இருந்தாலும் சரி, யாழ்ப்பாணம் வந்து கொஞ்சக் காலம் ஏதாவது செய்யவேண்டும் என்பவர்கள் முதலில் கேட்பது, "எந்த நிறுவனத்தில் சேரலாம்?" என்றுதான். அதற்கு முன்பே முடிவெடுக்கவேண்டிய ஒன்று இருக்கிறது: எந்த ஊரில் இருக்கப்போகிறீர்கள்? இங்கே வேலைகள் எல்லாம் ஊரோடு ஒட்டித்தான் நடக்கின்றன. யாழ் மாவட்டத்தில் மட்டும் 15 பிரதேச செயலகப் பிரிவுகள், 435 கிராம அலுவலர் பிரிவுகள். நல்லூருக்குச் சரிவருவது நெடுந்தீவுக்குச் சரிவராது.

சரி, ஒழுங்காகப் பார்ப்போம்.

படி 1: விசா

இதை யாரும் விரும்பி வாசிப்பதில்லை, ஆனால் இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். சுற்றுலா விசாவில் வேலை செய்ய அனுமதி இல்லை. "நான் சம்பளம் வாங்கவில்லையே" என்று சொல்லித் தப்பவும் முடியாது, சம்பளமில்லாத வேலைக்கும் அதே விதிதான். ஒரு நிறுவனத்தோடு வேலை செய்வதாக இருந்தால், அந்த நிறுவனம் முறையாகப் பதிவு செய்ததா, உங்களுக்கு எந்த வகை விசாவுக்குக் கடிதம் தரும் என்று பயணச்சீட்டு எடுக்க முன்னரே எழுத்தில் கேளுங்கள். முடிவு சொல்லவேண்டியது குடிவரவு குடியகல்வுத் திணைக்களம். "வாங்கோ, பிறகு பார்க்கலாம்" என்று பதில் சொல்கிற நிறுவனத்தை விட்டுவிடுங்கள். இலங்கை இரட்டைக் குடியுரிமை வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலையிடி கிடையாது.

படி 2: காலம்

எப்போது வருகிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் என்ன வேலை செய்யலாம் என்பதும். ஆவணியை ஒட்டி 25 நாட்கள் நல்லூர்த் திருவிழா. அப்போது பாதி ஊர் கோயிலடியில் நிற்கும், கூட்டம் வைக்க ஆள் பிடிக்க முடியாது. ஆனால் தாகசாந்திப் பந்தலில் நிற்க ஆசைப்பட்டால் அதைவிட நல்ல காலம் இல்லை. ஐப்பசியில் மழை தொடங்கினால் டெங்கும் கூடவே வந்துவிடும். குளம் தூர்வாருவது, பனம் விதை நடுவது எல்லாம் அந்த மழைக்கு முன்னுக்கே முடியவேண்டியவை.

இரண்டு கிழமைக்கு வருபவர்களுக்கு என் அபிப்பிராயம்: உறவினரைப் பாருங்கள், கோயில் கும்பிடுங்கள், கூழ் குடியுங்கள், தொண்டு வேலையை அடுத்த முறைக்கு வையுங்கள். ஆட்கள் உங்கள் பெயரைப் பழகவே அவ்வளவு நாள் பிடிக்கும்.

படி 3: சனசமூக நிலையம்

அநேகமாக ஒவ்வொரு ஊரிலும் ஒன்று இருக்கும். சின்னக் கட்டடம், உள்ளே நீள மேசை, உட்கார வாங்கு, அன்றைய பத்திரிகைகள், ஒரு மூலையில் கரம் போர்ட், வெளியே கரப்பந்தாட்ட வலை. பின்னேரம் ஐந்து மணிக்குப் போனால் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்து மரண அறிவித்தல் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். நீங்கள் வாசலில் நின்றதுமே கேள்வி வரும்: "தம்பி எவடம்? ஆற்றை பிள்ளை?" (எந்த இடம், யாருடைய பிள்ளை என்று அர்த்தம்.)

இதற்கு எரிச்சல்பட வேண்டாம். பேரன் (தாத்தா) பெயர், தாயின் ஊர் எல்லாம் சொன்னால் பத்து நிமிடத்தில் யாராவது உங்களுக்குச் சொந்தமாகிவிடுவார்கள். ஆனால் ஒன்று, அந்தக் கேள்வியால் சிலர் சாதியையும் அளந்துகொள்வார்கள். அந்தப் பேச்சுக்குள் போகாமல் ஊர்ப் பெயரோடு நிறுத்திக்கொள்ளலாம். யாழ்ப்பாணத்தில் வேரில்லாதவர், தமிழ்நாட்டிலிருந்து வருபவர், அதையும் நேரே சொல்லலாம். யாருடைய வீட்டில் தங்கியிருக்கிறீர்கள் என்பதுதான் பிறகு உங்கள் முகவரி.

முதல் கிழமை எதையும் முன்மொழியாதீர்கள். அதே நேரத்துக்கு அதே இடத்துக்குப் போங்கள், பத்திரிகை வாசியுங்கள், பெடியளோடு பந்து அடியுங்கள். அப்புறம் செயலாளர் யார், கூட்டம் எப்போது என்று விசாரியுங்கள். பெண்கள் என்றால் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் கூட்டத்துக்கும் போகவேண்டும். பல ஊர்களில் உண்மையில் வேலை நடப்பது அங்கேதான். சனசமூக நிலையத்து ஆண்கள் இதை ஒத்துக்கொள்ளமாட்டார்கள்.

படி 4: வேலையைத் தெரிவது

அநேகமானவர்கள் கேட்பது ஆங்கிலம் படிப்பிக்க. தப்பில்லை. ஆனால் வடக்கில் நிரந்தர நியமனம் இல்லாமல் வருடக்கணக்காகப் படிப்பித்த தொண்டராசிரியர்கள் இருக்கிறார்கள், நியமனம் கேட்டுத் தெருவில் இறங்கிப் போராடியும் இருக்கிறார்கள். அப்படி ஒருவரின் வகுப்புக்குள் நீங்கள் போய் நிற்பது அவருக்கு எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். அவருக்கு உதவியாளாக நில்லுங்கள், பாடம் அவருடையதாக இருக்கட்டும். பாடசாலைக்குள் நுழைவதற்கு அதிபர் "ஓம்" சொன்னால் மட்டும் போதாது, வலயக் கல்விப் பணிமனையின் அனுமதியும் வேண்டும். மாவட்டத்தில் அப்படி ஐந்து வலயங்கள்.

பழைய தாளோடு மினக்கெடப் பொறுமை உள்ளவர்களுக்கு வேறொரு வேலை இருக்கிறது. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது 97,000 வரையான நூல்களும் ஏடுகளும் அழிந்தன. அதற்குப் பிறகு ஊர்களில் மிஞ்சியதெல்லாம் வீட்டு அலுமாரியிலும் தகரப் பெட்டியிலும் கிடக்கிறது: கோயில் மலர்கள், பாடசாலை மலர்கள், கல்வெட்டுகள். (கல்வெட்டு என்றால் இங்கே, இறந்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிக் கிரியை அன்று கொடுக்கும் நினைவுப் புத்தகம். ஒரு குடும்பத்தின் முழுச் சரித்திரமும் அதில் இருக்கும்.) நூலக நிறுவனம் என்ற தொண்டு அமைப்பு 2005 முதல் இப்படியானவற்றை எண்ணிமமாக்கி இணையத்தில் இலவசமாகத் தருகிறது. வேலை மெதுவானது. துருப்பிடித்த கம்பியை நகத்தால் நிமிர்த்திக் கழற்றவேண்டும், மெல்லிய தூரிகையால் தூசி தட்டவேண்டும், ஒட்டிப்போன தாளை இழுக்காமல் பிரிக்கவேண்டும். வீட்டுக்காரர் பக்கத்தில் இருந்து படத்தில் இருப்பவர் யார் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

உடம்பால் செய்ய ஆசையென்றால் சிரமதானம், அதாவது ஊர் கூடிச் செய்யும் துப்புரவு வேலை. காலமை ஏழு மணிக்கு மண்வெட்டி, கத்தி, கடகம். டெங்குக் காலமென்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் வருவார். சிரட்டை, பழைய ரயர், யோகட் கோப்பை என்று தண்ணீர் தேங்கும் எல்லாவற்றையும் கவிழ்த்து, நுளம்புக் குடம்பி இருக்கிறதா என்று அவர் காட்டித் தருவார். பத்து மணிக்குப் பிளேன்ரீயும் வடையும் வரும். கையுறையையும் தொப்பியையும் நீங்களே கொண்டுபோங்கள். பற்றைக்காடு, கைவிட்ட வளவு என்றால் ஊரவர் போகாத பக்கம் நீங்களும் போகவேண்டாம். வடக்கில் கண்ணிவெடி அகற்றும் வேலை சண்டை முடிந்து பல வருடங்களுக்குப் பிறகும் நடந்தது.

சிறுவர் இல்லங்களில் சில நாள் விளையாடிவிட்டு வருவதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். பிள்ளைகள் ஒட்டிக்கொள்ளும் நேரத்தில் நீங்கள் விமானம் ஏறிவிடுவீர்கள், அடுத்த மாதம் இன்னொருவர் வருவார். பிள்ளைகளின் படத்தை முகநூலில் போடுவதும் வேண்டாம். பிள்ளை ஒன்றுக்கு ஆபத்து என்று கண்டால் 1929-க்கு அழைக்கலாம், அது சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம்.

படி 5: கதைப்பது

வயதானவர்களை ஐயா, அம்மா என்றும், கொஞ்சம் மூத்தவர்களை அண்ணை, அக்கா என்றும் கூப்பிட்டால் பிழை வராது. பத்து வயதுப் பிள்ளையைத் தவிர மற்றவர்களுக்கு "நீங்கள்" போடுங்கள். கோயிலடிக்குப் போகும்போது உடுப்பைப் பார்த்துப் போடுங்கள், நல்லூரில் ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போகவேண்டும்.

சண்டைக் காலத்தைப் பற்றி நீங்களாகக் கேட்காதீர்கள். காணாமல் போனவரின் படம் சுவரில் தொங்கும் வீட்டில் தேத்தண்ணீர் குடிக்க நேரும். சொல்ல விரும்பினால் அவர்களே சொல்வார்கள். அப்போது கைபேசியை எடுக்காமல் கேட்டால் போதும்.

படி 6: காசும் கிளம்புவதும்

வெளிநாட்டிலிருந்து வந்தவர் என்றதும் உதவி கேட்டு ஆட்கள் வருவார்கள், அது இயல்பு. தனித்தனியே கையில் கொடுக்கத் தொடங்கினால் ஊருக்குள் மனஸ்தாபம்தான் மிச்சம். கொடுக்க விரும்பினால் சங்கத்தின் வங்கிக் கணக்குக்குப் போட்டு, பொருளாளரிடம் பற்றுச்சீட்டு வாங்குங்கள்.

கிளம்புவதற்கு இரண்டு கிழமைக்கு முன்பே செயலாளரிடம் திகதியைச் சொல்லுங்கள். நீங்கள் செய்த வேலையை ஊரில் யார் தொடர்வார் என்று பெயர் சொல்லிக் கேட்டு, கடைசிக் கிழமை அவரோடு சேர்ந்தே செய்யுங்கள். கடவுச்சொல், கோப்புகள், திறப்பு (சாவி) எல்லாம் அவர் கைக்குப் போகவேண்டும். பிரியாவிடைக்கு மாலையும் பொன்னாடையும் ஏற்பாடு செய்வார்கள், மறுத்தால் கோபிப்பார்கள், பேசாமல் கழுத்தை நீட்டுங்கள்.