ரத்தம் நின்ற பிறகு: சிரோசிஸ் நோயாளிக்கு மறுகசிவு ஆபத்தை முதல் நாளிலேயே கணிப்பது எப்படி

சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறி இறுகும் நோய்) உள்ள நோயாளி ரத்த வாந்தியோடு வந்து, உணவுக்குழாயில் புடைத்த சிரைகளுக்கு எண்டோஸ்கோபி வழியாக வளையம் போட்டு ரத்தம் நின்றதும், வார்டில் எல்லோருக்கும் அப்பாடா என்றிருக்கும். ஆனால் ரத்தம் திரும்ப வரும் ஆபத்து முதல் 5 நாட்களில்தான் மிக அதிகம். 6 வாரம் வரை அது முழுதாக விலகுவதில்லை. ஆகவே கணிப்பை அனுமதித்த அன்றே செய்துவிட வேண்டும்.

முதலில், கல்லீரல் எவ்வளவு பழுதாகியிருக்கிறது என்பதைக் காட்டும் சைல்ட்-பியூ மதிப்பெண்ணைப் போடுங்கள். பிலிருபின் 3.4, அல்புமின் 2.6, ரத்தம் உறையும் திறனைக் காட்டும் ஐ.என்.ஆர். 1.9, வயிற்றில் மருந்துக்குக் கட்டுப்படும் அளவு நீர், தெளிவான நினைவு என்றால், 3, 3, 2, 2, 1 எனக் கூட்டி 11 வரும். அது சி வகுப்பு, அதாவது மிக மோசமான நிலை. நினைவு தெளிவு என்று எழுதுமுன், இரு கைகளையும் நீட்டி மணிக்கட்டை மேல்நோக்கி மடக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். கை தளர்ந்து தளர்ந்து விழுந்தால், கல்லீரல் பழுது மூளையைப் பாதித்திருக்கிறது என்று பொருள்; அங்கே 2 போட வேண்டும். அவசரத்தில் விட்டுப்போவது பெரும்பாலும் இந்தச் சோதனைதான்.

அடுத்து எண்டோஸ்கோபி அறிக்கை. பார்க்கும் நேரத்தில் ரத்தம் பீய்ச்சியதா, கசிந்ததா, நின்றிருந்ததா என்பதை அதில் தெளிவாக எழுதியாக வேண்டும். சி வகுப்பில் 10 முதல் 13 வரை உள்ளவர்களும், பி வகுப்பில் 7-க்கு மேல் மதிப்பெண்ணோடு அந்நேரம் ரத்தம் வந்துகொண்டிருந்தவர்களும் அதிக ஆபத்துள்ளவர்கள். இவர்களுக்கு, கல்லீரலுக்குள் குழாய் வைத்து சிரை அழுத்தத்தைக் குறைக்கும் டிப்ஸ் சிகிச்சையை 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் 24 மணி நேரத்துக்குள் செய்ய வேண்டும் என்பதால், அந்த வசதி இல்லாத மருத்துவமனை அன்றைக்கே பெரிய மையத்தோடு பேசிவிடுவது நல்லது. குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரையில் ரத்தக்கட்டியோ கல்லீரலில் புற்றுநோயோ இருக்கிறதா என்று டாப்ளர் ஸ்கேனில் பாருங்கள். இரண்டுமே ஆபத்தைக் கூட்டும். போர்ட்டல் அழுத்தத்தைக் காட்டும் கல்லீரல் சிரை அழுத்த வேறுபாட்டை அளக்க முடிந்த இடத்தில், அது 20 மி.மீ. பாதரசம் அல்லது அதற்கு மேல் என்றால் அதுவும் வலுவான எச்சரிக்கை.

நாமே ஆபத்தைக் கூட்டிவிடும் வழியும் உண்டு. ஹீமோகுளோபின் 7-க்குக் கீழே இறங்கினால் ரத்தம் ஏற்றி 7-க்கும் 8-க்கும் இடையில் வைத்தால் பொதுவாகப் போதும். அதற்கு மேல் ஏற்றினால் போர்ட்டல் அழுத்தம் கூடி ரத்தம் மறுபடி வரலாம். தொற்றும் மறுகசிவைத் தூண்டும் என்பதால் செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாட்டிக்கைத் தள்ளிப்போடக் கூடாது.

வளையம் போட்ட பின்னும் ஓரிரு நாள் மலம் கறுப்பாகப் போகலாம். அது பெரும்பாலும் பழைய ரத்தம். புதிய ரத்த வாந்தி, இறங்கும் ரத்த அழுத்தம், ரத்தம் ஏற்றாத நிலையில் 24 மணி நேரத்தில் ஹீமோகுளோபின் 3 கிராம் குறைவது ஆகியவையே மறுகசிவின் அடையாளங்கள். நாடித்துடிப்பைக் குறைக்கும் புரோப்ரனலால் மருந்தை ஏற்கெனவே சாப்பிட்டு வந்தவரின் நாடித்துடிப்பு, உள்ளே ரத்தம் போனாலும் 80-ஐத் தாண்டாமல் இருக்கக்கூடும். அவருக்கு நாடியை மட்டும் நம்பாமல், இரவிலும் ரத்த அழுத்தத்தையும் சிறுநீர் அளவையும் மணிக்கொரு முறை குறித்து வையுங்கள்.