யாழ்ப்பாணத்தில் வீடு வாடகைக்குப் போகும்போது எழுத்தில் இருக்க வேண்டியவை

திருநெல்வேலி, கொக்குவில் பக்கம் இன்றும் நிறைய வீடுகள் வாய்ப்பேச்சில்தான் வாடகைக்குப் போகின்றன. தெரிந்த ஆட்கள்தானே என்று முற்பணத்தை வாங்கித் திறப்பைக் கொடுத்துவிடுவார்கள். என் பெரியம்மாவும் அப்படித்தான் கொடுத்தா. மகளின் கல்யாணத்துக்கு வீடு தேவைப்பட்டபோது இருந்தவர்கள் எழும்பவில்லை, காட்டுவதற்கு ஒரு துண்டுக் காகிதம்கூட அவவிடம் இருக்கவில்லை.

குத்தகைக்குக் கொடுத்த வீட்டை மீட்பதற்கான 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம், இப்படி எழும்பாதவர்களுக்காகத்தான் வந்தது. குத்தகைக் காலம் முடிந்தும் வீட்டை விடாதவர்மீது மாவட்ட நீதிமன்றத்தில் சுருக்கமான முறையில் வழக்குப் போடலாம். எதிர்த்து வாதாட வேண்டுமென்றால் குடியிருப்பவர் முதலில் நீதிமன்றத்தின் அனுமதியைக் கேட்க வேண்டும். ஆனால் இந்த வழி நொத்தாரிசு (உறுதி எழுதி அத்தாட்சிப்படுத்துபவர்) முன்னிலையில் எழுதிய குத்தகை உறுதிக்குத்தான். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையை நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் முன்னிருக்க எழுத வேண்டுமென்பது 1840ஆம் ஆண்டிலிருந்தே உள்ள விதி. ஆகவே வீட்டுக்காரரே, செலவைப் பார்த்துப் பின்வாங்காதீர்கள். உரிமையாளர் கனடாவிலோ லண்டனிலோ இருந்தால், இங்கே கையெழுத்து வைப்பவரிடம் உள்ள அற்றோணித் தத்துவத்தில் (அவருக்காகச் செயற்பட எழுதிக் கொடுத்த அதிகாரப் பத்திரத்தில்) குத்தகை கொடுக்கும் அதிகாரம் சொல்லப்பட்டிருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள்.

வாடகைக்கு வருபவர்களே, இந்தச் சட்டம் உங்களுக்குப் பயப்பட வேண்டியதாகத் தெரியலாம். தெரிந்துதான் கையெழுத்து வைக்க வேண்டும்: முடிகிற திகதி, இடையில் எழும்பச் சொன்னால் எத்தனை மாத அறிவித்தல், முற்பணம் எப்போது திரும்பும், இந்த மூன்றையும் வாசிக்காமல் பேனாவைத் தொடாதீர்கள்.

அப்புறம் நம் ஊர்ச் சண்டைகள் பெரும்பாலும் வளவில்தான் தொடங்கும். கிணற்று மோட்டர் எரிந்தால் யார் கட்டுவது, கக்கூசுக் குழி நிறைந்தால் யார் அள்ளுவிப்பது, தேங்காயும் மாங்காயும் யாருக்கு, எல்லாவற்றையும் உறுதியில் எழுதுவியுங்கள். மாங்காய்க்காகப் பேச்சு முறிந்த இரண்டு குடும்பங்களை எனக்குத் தெரியும். கரண்ட் மீற்றர் இலக்கத்தைத் திறப்பு கைமாறும் அன்றே இருவரும் நின்று போட்டோ எடுங்கள், மாத வாடகைக்கு ரசீது இல்லாமல் காசு கொடுக்காதீர்கள், வங்கியில் போட்டால் இன்னும் நல்லது.

ஒன்று மட்டும் வீட்டுக்காரருக்கு: தவணை முடிந்தாலும் நீங்களாகப் போய்ப் பூட்டை மாற்றவோ சாமானை வெளியே போடவோ கூடாது. அப்படிப் பலவந்தமாக வெளியேற்றப்பட்டவர், ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறை பற்றிய 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டத்தின் 66ஆம் பிரிவின்படி இரண்டு மாதத்துக்குள் ஆரம்ப நீதிமன்றத்துக்குப் போனால், வீட்டைத் திரும்ப அவரிடமே கொடுக்கச் சொல்ல நீதிமன்றத்தால் முடியும்.